பங்குனியில் சிவக்கும் மரங்கள்

'இலையுதிர் காலம்' என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில் முதன்முதலாகப் படித்த ஆண்டு, அக்டோபர் முழுக்க மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். புத்தகத்துப் படத்தில் ஒரு சாலையின் இருபுறமும் மரங்கள் தீப்பிடித்ததுபோல் சிவந்து நின்றன. அவிநாசியில் அப்போது ஐப்பசி மழை. மேட்டுக்காடுகளில் சோளத்தட்டு ஆளுயரம் நின்றது. கிளுவை வேலி தழைத்திருந்தது. வேம்பும் புங்கனும் கழுவிவிட்ட பச்சையில் இருந்தன. சிவப்பு எங்கும் இல்லை.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழையும் பனியும் வெயிலும் கொடுத்த பெயர்கள். இலை உதிர்வதன் பெயரால் ஒரு பருவம் இல்லை. வடக்கே இலைகள் சிவக்கும் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், மரங்கள் வயிறு நிறையக் குடிக்கும் காலம். இங்கே இலை கொட்டுவது பின்பனியில், பெரும்பாலும் மாசியில். கொட்டிய கையோடு, வெயில் ஏற ஏற, மொட்டைக் கிளையெல்லாம் கொழுந்து விடும். அந்தக் கொழுந்துதான் சிவப்பு. மேப்பிள் மரம் சாகப்போகும் இலையில் காட்டும் நிறத்தை நம் அரசமரம் இப்போதுதான் பிறந்த இலையில் காட்டுகிறது.

இலையின் வயதுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. மாந்தளிரின் நிறத்தைச் சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனிக்கு உவமையாக்கினார்கள். தளிர் சிவப்பது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. என் கண்ணில் பட ஒரு கேமரா தேவைப்பட்டது. அந்தக் கேமராவும் முதல் சில ஆண்டுகள் என்னைத் தவறான பக்கமே கூட்டிப்போனது.

எங்கள் வீதி முக்கில் ஒரு பிள்ளையார் மேடை, அதற்கு மேல் அரசமரம். ஒரு பங்குனிக் காலையில் அது முழுக்கச் செம்பு நிறத்தில் மினுங்கியது. ஒவ்வொரு தளிரிலும் இளஞ்சிவப்புக்குள் ஓடும் வெளிறிய நரம்பு, வால்போல் நீண்ட நுனி, ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு மஞ்சள். படமெடுத்துத் திரையில் பார்த்தால் அதில் எதுவும் இல்லை. குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரே சிவப்புத் திட்டு. நரம்பு போய்விட்டது, ஓரமும் போய்விட்டது. கையை அசைத்துவிட்டேனோ என்று நினைத்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் திட்டுதான்.

காரணம் என் கையில் இல்லை. டிஜிட்டல் கேமராவின் சென்சார் தானாக நிறம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டுமே எண்ணும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறக் கண்ணாடிப் பொட்டுகளைச் சதுரங்கக் கட்டம்போல் ஒட்டிவைக்கும் முறையை ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் வகுத்தார். 1976-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் கைபேசியில் இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டமே. அதில் பாதிப் பொட்டுகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மனிதக் கண் பகலில் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதால் இப்படிப் பங்கு போட்டார் பேயர். ஆகவே பச்சை இலையின் நுணுக்கம் சென்சாரில் செறிவாகப் பதியும். செந்தளிரின் நுணுக்கத்தைச் சுமக்கக் கால் பங்குப் பிக்சல்களே இருக்கின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல், எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று கேமரா போடும் கணக்கு. ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று கணக்கிடும் பொதுவான வாய்பாட்டில் பச்சைக்கு ஏறக்குறைய 72 விழுக்காடு எடை, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. சிவப்பு மட்டும் நிரம்பிவழியும் ஒரு தளிர் இந்தக் கணக்கில் மங்கலான பொருள். ஒளி போதவில்லை என்று நினைத்துக் கேமரா இன்னும் கொஞ்சம் ஒளியை உள்ளே விடுகிறது. ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்த சிவப்புப் பிக்சல்கள் அதோடு தளும்பிவிடுகின்றன. ஜேபெக் படத்தில் 255 தான் உச்சம். நரம்பும் 255, நரம்புக்கு இடைப்பட்ட சதையும் 255 என்றால் இரண்டுக்கும் வேறுபாடு ஏது?

வழி எளிது, தெரிந்துவிட்டால். கேமரா சொல்லும் அளவைவிட எக்ஸ்போஷரை முக்கால் பங்கிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்து எடுக்க வேண்டும். ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டச்சொல்லி, சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் ரா கோப்பாகச் சேமிக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக வரும். இருட்டை வெளிச்சமாக்கலாம், தளும்பிப்போனதை அள்ள முடியாது.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தொடக்ககால வெள்ளி உப்புத் தகடுகள் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்கு வெறும் இருட்டு. 1873-இல் ஜெர்மானியரான ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகெல், தகட்டில் சாயம் கலந்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டார். சிவப்பு வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் செந்தளிரும் முற்றிய இலையும் பிலிமில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காடுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அவர் கண்ணால் கண்ட பங்குனி எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். நிறத்தை அவர் எழுத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தளிர் ஏன் சிவக்கிறது? முற்றிய இலையில் பச்சையமும் அதன் நிழலில் கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகளும் இருக்கின்றன. இலை கிழமாகும்போது மரம் பச்சையத்தைப் பிரித்து, அதைத் தாங்கியிருந்த புரதங்களின் நைட்ரஜனைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் கடைசியில் நிறமற்ற எச்சமாக மாறுவதால் அது எங்கே போனது என்று நெடுங்காலம் பிடிபடவில்லை. 1991-இல்தான் பெர்ன்ஹார்ட் கிராய்ட்லர் குழுவினர் அப்படிப்பட்ட ஓர் எச்சத்தின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். பச்சைத் திரை விலகியதும் அடியிலிருந்த மஞ்சள் வெளியே வரும். மாசியில் வேப்பமரத்தடியில் விரிந்து கிடக்கும் மஞ்சள் அதுதான், புதிதாக மரம் எதையும் பூசிக்கொள்ளவில்லை.

சிவப்பு வேறு கதை. அது ஆந்தோசயனின். மரம் சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகச் செய்கிற பொருள். மேப்பிள் அதை இலையின் கடைசி வாரங்களில் செய்கிறது. அரசு, மா, இலுப்பை, வேம்பு எல்லாம் இலையின் முதல் வாரங்களில் செய்கின்றன. பிறந்த இலைக்கு ஒளியைச் சோறாக்கும் பட்டறை இன்னும் முழுதாக அமையவில்லை. அந்த நேரத்தில் பங்குனி வெயில் முழுவதும் உள்ளே புகுந்தால் இலை வெந்துவிடும். ஆந்தோசயனின் பச்சை ஒளியையும் நீலத்தில் ஒரு பகுதியையும் தடுத்துக் குடைபிடிக்கிறது. இன்னொரு கருத்தும் உண்டு. பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு தெரியாது. செந்தளிர் அவற்றின் கண்ணுக்குக் காய்ந்துபோனதாகப் படலாம், ஆகவே கடிபடாமல் தப்பும். மூன்றாவது காரணம் சிக்கனம். இலை கெட்டிப்படும்வரை அதில் விலையுயர்ந்த நைட்ரஜனைப் போடாமல் மரம் காத்திருக்கிறது. மூன்றில் எது முதன்மை என்ற விவாதம் தொடர்கிறது. மரத்துக்கு மரம் பங்கு மாறும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

செத்துச் சிவக்கும் மரமும் நம்மிடம் ஒன்று உண்டு. பள்ளி மைதானங்களிலும் வீட்டு வாசல்களிலும் குடைகுடையாக நிற்கும் பாதாம் மரம். தாவரவியலில் நாட்டு வாதுமை. ஆண்டுக்கு இருமுறை அதன் இலைகள் ஆரஞ்சாகி, ரத்தச் சிவப்பாகி விழும். மேப்பிள் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதன் அடியில் போய் நிற்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் சில இலைகளே சிவக்கும், மற்றவை பச்சையாக நிற்கும். மரம் முழுவதையும் எடுத்தால் பொட்டுப் பொட்டாகத்தான் வரும். ஓர் இலையை மட்டும், வெயில் அதன் முதுகில் விழும்படி, கீழிருந்து எடுக்க வேண்டும்.

கொங்கு நாட்டின் தண்ணீரில்லாத மாதங்கள் மாசியும் பங்குனியும். குளம் வற்றி, கிணற்றில் பாறை தெரியும் நேரத்தில் மரம் புது இலை விடுகிறது. தண்ணீரைக் கணக்காகச் செலவழிக்கும் உயிர் இப்படிச் செய்யலாமா? ஸ்டீபன் எலியட், பாட்ரிக் பேக்கர், ரோல்ஃப் போர்சர்ட் மூவரும் 2006-இல் இதை ஆசியப் பருவமழைக் காடுகளின் புதிர் என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். மழைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே இந்தக் காடுகள் தளிர்க்கின்றன. ஆழத்து வேர் இன்னும் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பகல் நீள்வதை மரம் மணியடித்ததாக எடுத்துக்கொள்கிறது. அவிநாசி 11 டிகிரி வடக்கு. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12¾ மணி, மிகக் குறுகியது சுமார் 11½ மணி. வேறுபாடு ஒன்றேகால் மணிநேரம். பாஸ்டன் நகரில் அது ஆறு மணிநேரத்துக்கும் மேல். இவ்வளவு சின்னக் குறிப்பை ஒரு மரம் கேட்டுக்கொள்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

முன்கூட்டித் தளிர்ப்பதன் லாபத்தை நம் பக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள். கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் முதுமலைக் காட்டில் செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. வறட்சியிலேயே தளிர்த்துவிட்ட மரங்களைப் பூச்சிகள் குறைவாகத் தின்றன. மழையோடு தளிர்த்தவை அதிகம் கடிபட்டன. மழை வந்து பூச்சி பெருகும்போது முந்திக்கொண்டவற்றின் இலை முற்றிக் கெட்டியாகியிருந்தது.

படமெடுப்பவருக்கு இதில் ஒரு கசப்பான செய்தி இருக்கிறது. செம்மை என்பது அவசரம். வேப்பிலைச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, கிளையை நோக்கி நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏங் கண்ணு, பூவ உட்டுப்போட்டு எலையப் போயிப் படம் புடிக்கற?"

"கொழுந்து செவப்பா இருக்குதுங்க ஆத்தா, அதுக்குத்தானுங்க."

"நாலு நாள்ல பச்சையாயிருமே. அதுக்குள்ளார புடிச்சுக்க சாமி."

அவர் சொன்னது வேம்புக்கு மிகச் சரி. அரசு கூட ஒருவாரம், பத்து நாள். அதிலும் ஒரே தெருவில் இரண்டு அரசமரம் இருந்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து நான் இழந்த மரங்கள் பல.

கிடைக்கும் நாளிலும் கிடைக்கும் நேரம் குறைவு. மேல்நாட்டு இலைப் படங்களில் ஒரு நாள் முழுக்கச் சாய்ந்த, மென்மையான ஒளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்டோபர் நடுவில் பாஸ்டனில் உச்சிப்பொழுதுக்கே சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 39 டிகிரிதான் ஏறும். பங்குனியில் அவிநாசிச் சூரியன் அந்த உயரத்தைக் காலை 9 மணியை ஒட்டியே தாண்டிவிடும். உச்சியில் அது கிட்டத்தட்ட 79 டிகிரி. சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் நேர் தலைக்கு மேல் வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இல்லாமல் செய்துவிடும். அவர்களுடைய நண்பகல் நமக்குக் காலைப் பலகாரம் முடிகிற நேரம். இங்கே சூரியன் சாய்ந்து எழுவதில்லை, ஏணி வைத்தது மாதிரி ஏறுகிறது. உதித்து ஒரு மணிநேரத்தில் 15 டிகிரி. ஆறரையிலிருந்து ஏழரை வரை, அவ்வளவுதான் நமக்கு.

விடியலுக்கு முன்பே போய் நின்றால் இன்னொரு விந்தை தெரியும். அரையிருட்டில் செந்தளிர் கறுப்பாகவும் பக்கத்துப் பச்சை அதைவிட வெளிச்சமாகவும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே கவனித்து எழுதியது இது. மங்கிய ஒளியில் கண்ணின் வேலையைக் கோல் செல்கள் ஏற்கின்றன, அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. கண் கறுப்பு என்று சொல்லும் கிளையைக் கேமரா சிவப்பாகவே காட்டும். நிறம் இலையில் மட்டும் இருப்பதில்லை என்பதை நான் நம்பத் தொடங்கியது அப்படியொரு விடியலில்தான்.

அரசந்தளிர் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும். அந்த மினுக்கு இலையின் நிறமே இல்லை. மெழுகுப் பூச்சில் தெறிக்கும் வானம். உள்ளே போய் நிறமியைத் தொட்டுத் திரும்பும் ஒளி சிவப்பு, மேலேயே தெறிக்கும் ஒளி வெளிர்நீலம், இரண்டும் கலந்து சிவப்பு வெளுத்துவிடுகிறது. தெறித்த ஒளி ஒரே தளத்தில் அதிரும், அதை வடிகட்ட முடியும். எந்தக் கோணத்தில் அந்த வடிகட்டல் முழுமையாகும் என்ற விதியை டேவிட் புரூஸ்டர் 1815-இல் தந்தார். இலைமெழுகுக்கு அது இலைப் பரப்பிலிருந்து சுமார் 35 டிகிரி சாய்வு. லென்ஸ் முன் போலரைசரை மாட்டி அந்தக் கோணத்தில் மெல்லத் திருப்பினால், துணியால் துடைத்ததுபோல் மினுக்கு அகன்று உள்நிறம் எழுந்துவரும்.

போலரைசர் அதற்குக் கூலி கேட்கும். வரும் ஒளியில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் மிஞ்சும். ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டிவரும். அரசிலை அதற்குப் பொறுக்காது. நீண்டு மெலிந்த காம்பில் தொங்கும் இலை. மற்ற மரமெல்லாம் சும்மா நிற்கும்போதும் அரசு சலசலக்கும். அதை உறையவைக்க நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் நிறத்தில் புள்ளி விழும். மினுக்கு, அசைவு, புள்ளி மூன்றில் ஒன்றை நாம் தாங்கிக்கொண்டே ஆகவேண்டும். நான் அசைவை விட்டுக்கொடுப்பதில்லை. நல்லவேளையாகப் பங்குனி விடியலில் காற்று ஓய்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசிக்குப் பிறகுதான் வலுக்கும். அம்மியும் பறக்கும் ஆடியில் அரசந்தளிரைப் படமெடுக்கும் தேவை யாருக்கும் வராது, அப்போது அது முற்றிய இலை.

மினுக்கைத் தவிர்க்க இன்னொரு வழி, இலைக்குப் பின்னால் சூரியனை வைப்பது. இலையின் ஊடே வரும் ஒளி மெழுகைப் பொருட்படுத்தாது. நிறமியைக் கடந்து வருவதால் விளக்கேற்றியதுபோல் எரியும். நெடுஞ்சாலை ஓர மரங்களில் மாசிமுதல் படியும் புழுதியும் இப்படி எடுக்கும்போது அவ்வளவு தெரியாது. ஒரு கோடைமழை பெய்து ஓய்ந்த மறுகாலை கிடைத்தால் புழுதி பற்றிய பேச்சே இல்லை; ஈரம் படர்ந்த இலையில் ஒளி சிதறுவது குறைந்து நிறம் அடர்ந்துவிடும். வெயில் ஏறிய பிறகும் எடுக்கவேண்டி வந்தால் தாழ்ந்த கிளைக்கு மேல் வெள்ளை வேட்டியை இருவர் பிடித்துக்கொள்ளலாம். கடும்நிழல் கரைந்துவிடும். அரசமரத்தின் பின்னணியில் மின்கம்பியும் பிளக்ஸ் தட்டியும் இல்லாத இடம் எங்கள் ஊரில் அரிது, அதனால் ஒரே கிளையை நெருங்கி எடுப்பதே என் வழக்கமாயிற்று.

விரிந்த காட்சி வேண்டுமென்றால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே எஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் நாங்கு மரம் தளிர்க்கும்போது பச்சைக்குள் ரோஜாச் சிவப்புக் குவியல்கள் எழும். தூரத்துக் காட்சியில் கோடைப் புகைமூட்டம் எல்லாவற்றையும் நீலமாக்கும். காலையில் சீக்கிரம் போவதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, கேமரா நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு பிழை. தானியங்கி ஒயிட் பேலன்ஸ், படத்தின் நிறங்களையெல்லாம் சேர்த்தால் சராசரியாகச் சாம்பல்தான் வரும் என்ற அனுமானத்தில் தொடங்கிய முறை. சட்டம் முழுக்கச் செந்தளிரை நிரப்பினால், விளக்குதான் சிவப்பு என்று எண்ணி அது நீலத்தை ஏற்றிச் சரிசெய்யும். செம்பு மண்ணாகிவிடும். புதிய கேமராக்கள் காட்சியைப் படித்து இதை ஓரளவு தவிர்க்கின்றன. ஆனாலும் நான் வெயில் குறியில், சுமார் 5500 கெல்வினில், பூட்டிவிடுகிறேன்.

இந்தப் பூட்டு அழகுக்காக மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய ஃபீனோகேம் என்ற வலைப்பின்னல், காடுகளுக்கு மேல் நிலையாகப் பொருத்திய சாதாரணக் கேமராக்களால் இலைப் பருவங்களை அளக்கிறது. படத்தின் பச்சை மதிப்பைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான் கணக்கு. சாம்பல் நிறத்துக்கு 0.33 வரும், இலை பச்சையாக ஆக எண் ஏறும். ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு நாளும் தன் இஷ்டத்துக்கு மாறினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை, அதனால் அங்கும் அதைப் பூட்டித்தான் வைக்கிறார்கள். நம் நாட்டில் 2010-இல் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், முற்றிய இலை, பழுப்பு ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்கிறார்கள். வெயிலும் மழையும் முறை தவறும் காலத்தில் அந்தக் குறிப்புகளின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடும். நூறு ஆண்டு முன் எங்கள் ஊர் அரசு எந்த வாரம் தளிர்த்தது என்று யாராவது ஒருவர் எழுதிவைத்திருந்தால் இன்று எவ்வளவு பெரிய சொத்து!

அதனால் இப்போது பிள்ளையார் மேடையின் கிழக்குப் படியில் சுண்ணாம்பால் இரண்டு பாதம் அளவுக்குக் குறி போட்டிருக்கிறேன். மாசி பிறந்தால் தினமும் காலை ஏழு மணிக்கு அதன்மேல் நின்று அதே கிளை, அதே எக்ஸ்போஷர், அதே பூட்டிய ஒயிட் பேலன்ஸ். வரிசையாக வைத்துப் பார்த்தால் பழுப்பு, மொட்டைக் கிளை, சிவந்த முனை, செம்பு விரிப்பு, பிறகு நரம்பை ஒட்டி முதலில் கசியும் பச்சை. அவிநாசியப்பர் கோயிலின் தலமரம் பாதிரி; பிரம்மோற்சவ நாட்களில் மட்டும் பூக்கும் என்பது கோயில் வழக்கு. சித்திரைத் தேருக்கு ஊர் கூடும்போது அந்தப் பூவைப் பார்க்கக் கோயிலுக்குள் போகிறவர்கள் எங்கள் முக்கைக் கடந்துதான் போவார்கள். அதற்குள் என் கிளையில் சிவப்பு ஒரு பொட்டும் மிச்சம் இருக்காது.